‘கிடைக்கும்’ என்பதற்கு முன்னால்

டெய்லர் அக்கா யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னது கிடையாது. கால்சட்டைக்கு நீளம் குறைக்க வேண்டுமா, பிய்ந்த ஜிப்பை மாற்ற வேண்டுமா, பத்து வருஷம் முன்பு தைத்த கோட்டை இப்போதைய தொப்பைக்கு ஏற்றபடி பிரித்துத் தைக்க வேண்டுமா, எதைக் கொண்டுபோனாலும் வாங்கி வைத்துக்கொள்வாள். “வெள்ளிக்கிழமை கிடைக்குமா?” என்று கேட்டால் “கிடைக்கும்” என்பாள். சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, நாளைக்குக் காலை, எந்த நாளைச் சொன்னாலும் அதே பதில்தான். பாதிப் பேருக்குக் கிடைக்கும், பாதிப் பேருக்குக் கிடைக்காது. அந்தத் தெருவில் அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அக்காவின் வாய் அப்படி, அவ்வளவுதான்.

அந்த வாய்க்கு முன்னால் பதினோரு வாரம் மைக் வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வாளர். வாசலில் அறிவிப்பு ஒட்டி, வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, கடையில் நடக்கும் பேச்சை முழுக்கப் பதிவு செய்தாள். அக்கா அவளுக்கு ‘மைக்கம்மா’ என்று பெயர் வைத்தாள். தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட்டான்.

மைக்கம்மாவின் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்து, ஒரு ‘ம்’ விடாமல் எழுதுவது. ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறினால் அதற்கு ஒரு குறி, மூச்சை இழுத்தால் ஒரு குறி, பாதியில் விழுங்கின வார்த்தைக்கு ஒரு குறி. நடுவில் யாரும் பேசாமல் இருந்தால், எத்தனை வினாடி என்று பத்தில் ஒரு பங்குவரை அளந்து எழுத வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகும். “எங்க வீட்டுக்கு வாங்க, வாயை மூடாம பேசுறவங்க நாலு பேர் இருக்காங்க” என்று அவளிடம் சொல்லாத ஆளே இல்லை.

ஆனால் அந்த மூலையில் உட்கார்ந்து அவள் கண்டுபிடித்த சங்கதி சிரிக்கிற சங்கதி இல்லை. ஒருநாள் பதிவை எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று கண்ணில் பட்டது. ‘கிடைக்குமா?’ என்ற கேள்விக்கும் ‘கிடைக்கும்’ என்ற பதிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி எல்லா நேரமும் ஒன்றாக இல்லை. சில நேரம் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும். சில நேரம் அரை வினாடி, முக்கால் வினாடி கழித்து வரும். சொல் அதேதான், குரலும் அதேதான். அக்காவிடம் ஒரு தேதி நோட்டு இருந்தது. எந்தத் துணியை எந்த நாள் தருவதாகச் சொன்னாள், உண்மையில் எந்த நாள் கொடுத்தாள் என்று அதில் இருக்கும். மைக்கம்மா நாற்பது இடைவெளிகளை மட்டும் அளந்து, நோட்டோடு ஒத்துப்பார்த்தாள். சட்டென்று சொன்ன நாளில் துணி ரெடி. தாமதித்துச் சொன்ன நாளில் ரெடி இல்லை. உண்மையான பதில் அந்த இடைவெளியிலேயே வந்துவிடுகிறது, ‘கிடைக்கும்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூட இதைச் சொன்னாள்.

நாற்பது போதாது. பதிவில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இடங்கள் இருந்தன. அத்தனையையும் அளந்து, வருகிற வெள்ளிக்கிழமை துறைக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவளுடைய வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிப்பதா, மாதக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். முடிவு செய்கிறவர் துறைத் தலைவர். எதற்கெடுத்தாலும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்பதால் அவருக்கு ‘ஆதாரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன வருஷமே அவர் சொல்லியிருந்தார்.

“பேசினதை ஆராய்ச்சி பண்ணுங்க, பாக்குறேன். பேசாததை ஆராய்ச்சி பண்றேன்னு வந்தா, நான் எதைப் பாத்து கையெழுத்து போடுறது?”

திங்கட்கிழமை காலை மைக்கம்மா கணினி முன்னால் உட்கார்ந்தாள். நாலு நாள் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், முந்தின நாள்தான் திரும்பினாள். முதல் பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள்.

“வெள்ளிக்கிழமை கிடைக்குமாகிடைக்கும்சரிக்காவரட்டாவாங்க.”

மறுபடியும் கேட்டாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கு அடுத்ததையும் திறந்தாள். கடையில் இருந்த எல்லோரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கணவன் இரண்டு டீயோடு வந்தான். அவன் ஒலித்தொகுப்பாளன். விளம்பரங்களிலும் ஒலிநூல்களிலும் பேசுகிறவர்களின் மூச்சையும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிவதுதான் அவன் பிழைப்பு. ஸ்டுடியோவில் அவனுக்குக் ‘கத்தரி’ என்று பெயர்.

“எப்படி இருக்கு? பளிச்சுனு இருக்குல்ல?” என்றான். முகமெல்லாம் பெருமை. “நீ வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு நாலு நாளா உக்காந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணேன். டிஸ்க்ல இடமே இல்லாம தவிச்சிட்டு இருந்தே இல்ல? இப்பப் பாரு, ஒன்பது மணி நேரம் மிச்சம்.”

“சுத்தம்னா?”

“நடுவுல ஒண்ணுமே இல்லாத இடமெல்லாம் எடுத்துட்டேன். பத்துல ஒரு வினாடிக்கு மேல சும்மா இருந்தா சாஃப்ட்வேரே வெட்டிரும்.”

மைக்கம்மா ஹெட்போனைக் கழற்றினாள். “அந்த ஒண்ணுமே இல்லாத இடம்தான் என் ஆராய்ச்சி.”

கத்தரி கையில் டீயோடு அப்படியே நின்றான்.

“பழைய ஃபைல் எங்க?”

“அது மேலேயே சேவ் பண்ணிட்டேன்.”

“ரெக்கார்டர் கார்டு?”

“அடுத்த தடவைக்கு உதவும்னு அதையும் அழிச்சு, உன் பையிலயே வெச்சிட்டேன்.”

தங்கை வீட்டிலிருந்து போன் செய்தபோது “ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கா?” என்று அவள் கேட்டிருந்தாள். “இருக்கே” என்றான். நடுவில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. ஊரார் தயக்கத்தையெல்லாம் அளந்து வைக்கிற மகராசி, சொந்தப் புருஷனின் தயக்கத்தை போன் லைன் சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். அவன் இன்ப அதிர்ச்சி கொடுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

“கோவமா?” என்றான் கத்தரி.

“இல்ல” என்றாள். அதற்கு முன்னால் இரண்டரை வினாடி இருந்தது. அவன் மொழியியல் படிக்காதவன்தான், ஆனால் டீயை மேஜைமேல் வைத்துவிட்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

அவளுக்கு அழுகை வந்தது. கத்தி என்ன பிரயோஜனம், அவன் அடிமடியில் கைவைத்தது அன்பால்தானே என்று ஒரு பக்கம் தோன்றியது. அந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டும் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. வெள்ளிக்கிழமை ஆதாரம் முன்னால் போய் நின்று, ஆதாரத்தை என் வீட்டுக்காரர் சுத்தம் செய்துவிட்டார் என்றா சொல்வது? வேறு ஏதும் தோன்றாமல், ஹெட்போனை மறுபடி மாட்டி, சத்தத்தை உச்சத்தில் வைத்து, பிணம்போலக் கிடந்த பதிவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

பேச்சுக்கு அடியில், மிக மெதுவாக, டிக், டிக், டிக். அக்காவின் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிற சுவர்க் கடிகாரம். நேரம் எப்போதும் இருபது நிமிஷம் பிந்தித்தான் காட்டும், வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள். அந்த டிக் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தது. டிக், டிக், டிடிக், டிக். அவள் பின்னால் நகர்த்திக் கேட்டாள். ‘கிடைக்குமா’வுக்கும் ‘கிடைக்கும்’முக்கும் நடுவில், சரியாக வெட்டு விழுந்த இடத்தில், கடிகாரம் நொண்டியது.

“இங்க வா” என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கத்தரி திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அவள் ஹெட்போனை அவன் காதில் அமுக்கினாள். “கேளு. பேச்சை விடு, அடியில கேளு.”

கேட்டான். தொழில்காரன் காது, உடனே பிடித்துவிட்டது. “கடிகாரம். நான் வெட்டினப்போ அதையும் சேத்து வெட்டியிருக்கேன்.”

“ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவுல எவ்வளவு?”

“ஒரு வினாடி.”

“இங்க?”

அவன் திரையில் அளந்தான். “புள்ளி நாலு.”

“அப்ப காணாம போனது எவ்வளவு?”

கத்தரி அவளைத் திரும்பிப் பார்த்தான். “புள்ளி ஆறு” என்றான். சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டான். “ஏய், மைக்கம்மா. நான் எவ்வளவு வெட்டினேன்னு அந்த நொண்டிக் கடிகாரம் குறிச்சு வெச்சிருக்கு.”

அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரியவில்லை. டிக் சத்தம் மட்டும் தூக்கலாகக் கேட்கும்படி கத்தரி வடிகட்டிக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு வெட்டாகக் கழித்துப் பார்த்து எழுதினாள். ஹோட்டலிலிருந்து வந்த பொட்டலத்தை உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றுகொண்டே தின்றார்கள். செவ்வாய்க்கிழமை மதியம்தான் அவளுக்கு அந்த நாற்பது ஞாபகம் வந்தது. மூலப் பதிவு இருந்தபோதே கையால் அளந்து நோட்டில் எழுதிவைத்த நாற்பது. கடிகாரம் சொல்வதும் கை எழுதினதும் ஒத்துப்போனால், இந்த வழி சரி. ஒத்துப்போகாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

கத்தரி திரையைப் பார்த்துச் சொல்ல, அவள் நோட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“புள்ளி மூணு.”

“சரி.”

“புள்ளி ஏழு.”

“சரி.”

நாற்பதில் ஏழு இடத்தில் வேலைக்காகவில்லை. இரண்டு வெட்டு ஒட்டி விழுந்து, நடுவில் ஒரு டிக்கூட மிஞ்சியிருக்கவில்லை. மீதி முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு அச்சடித்தது போல ஒத்துப்போனது. ஒன்று மட்டும் உதைத்தது.

“இங்க புள்ளி மூணு காட்டுது. நீ என்ன எழுதியிருக்கே?” என்றான்.

அவள் நோட்டைப் பார்த்தாள். “ஒண்ணு புள்ளி மூணு.”

கத்தரி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். வித்தியாசம் சரியாக ஒரு முழு வினாடி. வினாடிக்கு மேல் போனால் கடிகாரம் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தப்பான கணக்குகூட, வழி சரி என்றே சாட்சி சொன்னது. மைக்கம்மா நோட்டை மேலே விட்டெறிந்தாள். அது கத்தரியின் தலையில் விழுந்தது. ஒன்பது மணி நேரம் வெட்டினதற்கு அது ரொம்பக் குறைந்த தண்டனை.

புதன்கிழமை காலை இன்னொரு தலைவலி. ஒரு வாரத்துப் பதிவுகளில் டிக்கே இல்லை. இருவரும் டெய்லர் கடைக்கு ஓடினார்கள். அக்கா பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு, ஒரு மேல்சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தக் கடிகாரம் நடுவுல நின்னுச்சா?”

“ஆமா, பேட்டரி தீந்துபோச்சு. ஒரு வாரம் மாத்தவே இல்ல. ஓடினாலும் தப்பு நேரம்தானே காட்டப்போகுதுன்னு விட்டுட்டேன்.” அக்கா ஊசியை எடுத்துவிட்டுக் கத்தரியை மேலும் கீழும் பார்த்தாள். “இவருதான் வெட்டினவரா?”

“இவரேதான்.”

“நானும் துணியை வெட்டுறவதான் தம்பி. அளக்காம வெட்டமாட்டேன்” என்றாள் அக்கா. கத்தரி கடிகாரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வாரத்தில் இருபத்தொன்பது இடங்கள் போயின. போகட்டும். வந்ததோடு வந்தது என்று, வெள்ளிக்கிழமைக்காகத் தைக்கக் கொடுத்திருந்த தன் கருநீலக் கோட்டையும் விசாரித்தாள் மைக்கம்மா.

“அக்கா, என் கோட்டு வெள்ளிக்கிழமை காலைல கிடைக்குமா?”

அக்கா பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. கடிகாரம் ஒருமுறை டிக் என்றது.

“கிடைக்கும்.”

மைக்கம்மா கத்தரியைப் பார்த்தாள். கத்தரி மைக்கம்மாவைப் பார்த்தான். அக்கா இருவரையும் பார்த்தாள். வெளியே வந்ததும் கத்தரி, “புள்ளி எட்டு” என்றான். “பழைய கோட்டையே தேய்ச்சு வெச்சிக்கோ.”

வெள்ளிக்கிழமை அவள் முழங்கை வெளுத்த பழைய கோட்டோடு போய் நின்றாள். கூட்ட அறையில் முப்பது பேர். முன்வரிசை நடுவில் ஆதாரம், கையில் மூடி கழற்றாத பேனா. கடைசி வரிசையில் ரெக்கார்டரோடு கத்தரி. அவள் எதையும் மறைக்கவில்லை. பதிவுகள் வெட்டுப்பட்ட கதையைச் சொன்னாள், வெட்டினது யார் என்று சொன்னாள். முப்பது தலையும் பின்னால் திரும்பின. கடிகாரத்தைச் சொன்னாள். நொண்டுகிற டிக்கை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாள். அறையில் ஒரு சலசலப்பு ஓடியது. வயதான இலக்கணப் பேராசிரியர் ஒருவர் சின்னப் பிள்ளைபோல, “இன்னொரு தரம் போடுங்க” என்றார்.

“இருநூத்திப் பதினாலுல கடிகாரம் காப்பாத்திக் கொடுத்தது நூத்தி முப்பத்தி நாலு. அதுல சட்டுனு பதில் வந்தது எம்பத்தொண்ணு. எழுபத்தி நாலு துணி சொன்ன நாள்ல கிடைச்சிருக்கு. தாமதிச்சு வந்தது அம்பத்தி மூணு. நாப்பத்தாறு சொன்ன நாள்ல கிடைக்கல. நூத்தி முப்பத்தி நாலு தடவையும் அவங்க சொன்ன சொல் ஒண்ணேதான்.”

ஆதாரம் தொண்டையைச் செருமினார். “வினாடிக்கு மேல போனா உங்க கடிகாரம் ஏமாத்துமே?”

“ஏமாத்தும் சார். கையால அளந்த நாப்பதுல ஒண்ணுதான் அப்படி. ஒரு வினாடி பதில் வரலன்னா, கேட்டவங்களே ‘என்னக்கா?’ன்னு வாயைத் திறந்துடுறாங்க. அதுக்கு மேல யாராலயும் பொறுக்க முடியல.”

“சரி. கணக்கு சரியாவே இருக்கட்டும். அந்தக் கடைக்காரம்மா எதையாவது நினைச்சிட்டு நின்னிருக்கலாம், நூல் அறுந்திருக்கலாம். அந்த இடைவெளி கேக்குறவங்களுக்கு உறைக்குதுன்னு என்ன ஆதாரம்? அளந்து பாக்குற உங்களுக்குத் தெரியுது. சாதாரண ஆளுக்குக் கேக்குமா?”

அவள் தன் தாள்களைப் புரட்டினாள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள், இதற்கு இல்லை. பேனா மூடியோடு அப்படியே மேஜைமேல் சாய்ந்தது.

அப்போது கதவு திறந்தது. மூச்சு வாங்க, தோளில் அளவு நாடாவோடு, ஒரு கையில் கருநீலக் கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி டெய்லர் அக்கா நின்றாள்.

“மைக்கம்மா, மன்னிச்சுக்கோ, பஸ்ஸு கிடைக்கல.”

அறை சிரித்தது. ஆதாரம் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இந்தக் கோட்டுக்கு என்ன பதில் வந்துச்சு, சட்டுனா, தாமதமாவா?”

“தாமதமா” என்றாள் மைக்கம்மா. பொய் சொல்லத் தோன்றவில்லை. “புள்ளி எட்டு.”

“ஆனா கிடைச்சிடுச்சே.” ஆதாரத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. “சொன்ன நாள்லயே.”

“அது எப்படிங்க கிடைக்காம இருக்கும்?” என்றாள் அக்கா, அங்கிருந்தபடியே. “நான் கொஞ்சம் இழுத்துச் சொன்னதும் புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. கையும் களவுமா மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு. மானப் பிரச்சினை இல்லையா? ரெண்டு பேர் துணியைத் தள்ளி வெச்சிட்டு இதைத் தெச்சேன்.”

சிரிப்பு அடங்க நேரமானது. மைக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. இழுத்தவளுக்கே அது உறைத்திருக்கிறது, மாட்டிக்கொண்டதும் தெரிந்திருக்கிறது. ஆனால் கேட்கிறவர்கள்?

ஆதாரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, வந்ததுதான் வந்தீங்க. எனக்கு ஒரு பேன்ட் இடுப்பு பிரிக்கணும். இன்னைக்கே தந்துடுறேன். திங்கக்கிழமை கிடைக்குமா?”

அறையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தார்கள். அக்கா கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“கிடைக்கும்.”

முதலில் வெடித்துச் சிரித்தது இலக்கணப் பேராசிரியர். அடுத்து மொத்த அறையும். யாரும் அளக்கவில்லை, யாரிடமும் கடிகாரம் இல்லை, ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆதாரம் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் புதன்கிழமை வந்து வாங்கிக்கிறேன்மா” என்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். இரண்டு வருஷத்துக்கான தாளை முன்னால் இழுத்து, கையெழுத்தைப் போட்டு, மைக்கம்மா பக்கம் தள்ளினார்.

அவள் வெளுத்த கோட்டைக் கழற்றிவிட்டுப் புதிய கோட்டை மாட்டினாள். தோள் கச்சிதமாக இருந்தது. கடைசி வரிசைக்கு நடந்து போனாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“அந்த இடம் பதிவாச்சா? வெட்டாம அப்படியே வெச்சிருக்கி...”

“வெச்சிருக்கேன்” என்றான் கத்தரி.